பழைய செட்டையும் புதிய எஞ்சினும்

களுவாஞ்சிக்குடி நேயர் ஒருவரின் நீண்ட கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. புகையிரதப் பகுதியில் பல்லாண்டு கடமை பார்த்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் சத்தம் கேட்டால் நின்று பார்க்கும் பழக்கம் இன்னும் தம்மை விட்டுப் போகவில்லை என்கிறார். அவர் கேட்பவை மூன்று. சிறு வயதில் இரத்மலானையில் அவர் கண்ட எயார் சிலோன் டக்கோட்டா விமானம் இடிபோல் உறுமிப் புகை கக்கிப் புறப்பட்டதாம். இன்று மட்டக்களப்பில் வந்திறங்கும் சிறு விமானங்களோ சீழ்க்கை அடிக்கின்றன, மண்ணெண்ணெய் மணக்கின்றன, ஆனால் முன்னால் அதே காற்றாடிதான் சுழல்கிறது. இது எவ்வாறு? இரண்டாவது, மொறிஸ் மைனர் காரின் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பூட்டி ஓட்டுகிறார்களே, அதுபோலப் பழைய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றுக்குப் புது எஞ்சின் பூட்டி, நம் மாவட்டத்துக்கென்று மலிவாக வைத்துக்கொள்ளலாகாதா? மூன்றாவது கேள்வி ஆசனத்தைப் பற்றியது. அதைக் கடைசியில் கவனிப்போம்.

முதற் கேள்விக்கு விடை எளிது. பழைய விமானத்தின் எஞ்சினும் நம் காரின் எஞ்சினும் ஒரே குலத்தவை. உருளைக்குள் பெற்றோல் வெடிக்கும். பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும். அந்த ஓட்டத்தை ஒரு தண்டு சுழற்சியாக மாற்றும். பீச்கிராவ்ட் 18 என்னும் புகழ்பெற்ற சிறு விமானத்தின் எஞ்சினில் ஒன்பது உருளைகள் நட்சத்திரக் கதிர்போல் வட்டமாக நின்றன. ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஓடித் திரும்பினால் அதிர்வு எங்கே போகும்? செட்டைக்கும் ஆசனத்துக்கும் பிரயாணியின் பல்லுக்கும் போகும்.

டர்பைன் எஞ்சினில் முன்னும் பின்னும் ஓடும் பொருள் எதுவுமில்லை, சுழற்சி ஒன்றே. காற்றை உள்ளிழுத்து நெருக்கி, அதில் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயைத் தெளித்து எரித்தால், சூடேறிய வாயு விரைந்து வெளியேறும். அது போகும் வழியில் விசிறி போன்ற சக்கரங்களை வைத்தால் அவை சுழலும். அந்தச் சுழற்சியைக் காற்றாடிக்குக் கொடுத்தால் அதுவே டர்போபுரொப். நேயர் கேட்ட சீழ்க்கை, காற்றை நெருக்கும் சக்கரத்தின் ஓசை.

சிறு விமானங்களுக்கு இந்த வித்தையைக் கொண்டுவந்ததில் கனடா நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. பிராட் அன்ட் விட்னி நிறுவனத்தின் கனேடியக் கிளை ஆக்கிய பி.ரி.6 என்னும் எஞ்சின் 1961 மே 30ஆம் திகதி முதன்முதல் வானேறியது. எப்படி ஏறியது தெரியுமா? மேலே சொன்ன பீச்கிராவ்ட் 18 விமானத்தின் மூக்கிலே, மூன்றாவது எஞ்சினாகப் பூட்டப்பட்டு ஏறியது. பழைய எஞ்சின்கள் இரண்டும் இரு தோளிலும் தாங்க, பிள்ளை நடை பழகியதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எஞ்சினில் ஒரு புதுமையுண்டு. காற்றை நெருக்கும் சக்கரமும் காற்றாடியைச் சுழற்றும் சக்கரமும் ஒரே தண்டில் இல்லை; இரண்டுக்குமிடையே இரும்புத் தொடர்பே கிடையாது. வீட்டிலே இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். பி.ரி.6 எஞ்சினில் நடப்பதும் அதுவே. உள்ளே இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு 37,000 தடவைக்கு மேல் சுழலவல்லது. வெளியே காற்றாடி ஏறத்தாழ 2,200 தடவை. இடையிலே பற்சில்லுகள் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கின்றன. இன்னொரு விசித்திரம், காற்று பின்புறமாக நுழைந்து, எரிந்த புகை முன்புறமாக, காற்றாடிக்கு அருகிலேயே வெளியேறுவது. சிறு விமானங்களின் மூக்கருகே மீசைபோல் இரு குழாய்கள் வளைந்து நிற்பதைக் கண்டவர்கள் அதன் காரணத்தை இனி அறிவர்.

நிற்க. இரண்டாவது கேள்வியே நம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது. ஏனெனில் நேயர் விளையாட்டாகக் கேட்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஆகாய வழியே நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். புகையிரதமோ வாழைச்சேனை, பொலனறுவை, மாகோ என்று சுற்றிச் சென்று ஒரு பகலையோ ஓர் இரவையோ விழுங்கிவிடும். 1978 நவம்பரில் சூறாவளி வந்தபோது, விழுந்த மரங்கள் பாதைகளை மறித்து, ஊர்கள் ஒன்றையொன்று காணாமல் கிடந்ததை வயது வந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாளில், குறுகிய ஓடுபாதையில் இறங்கவல்ல ஒரு சிறு விமானம் ஆடம்பரப் பொருளன்று. மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது. பின்னர் விமானப் படையின் கையிலிருந்து, 2018இல் மீண்டும் பொதுமக்கள் விமானங்களுக்கென அறிவிக்கப்பட்டது. களம் இருக்கிறது. எவ்வகை விமானம் என்பதே கேள்வி.

பழைய விமானத்துக்கு டர்பைன் பூட்டலாமா? பூட்டலாம், பூட்டியிருக்கிறார்கள். ஆனால் மொறிஸ் மைனரைப் போலன்று. கார் பாதையில் நிற்கிறது. முன்பக்கம் சற்றுப் பாரம் கூடினாலும் குறைந்தாலும் நான்கு சில்லுகள் தாங்கிக்கொள்ளும். விமானம் செட்டையில் தொங்குகிறது. வாவியிலே தோணி விடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணியத்தில் இருந்தவர் எழுந்து பின்னே வந்தால் தோணியின் மூக்கு மேலெழும்பும். விமானத்திலும் அதே கதை.

பீச்கிராவ்ட் 18இன் பழைய எஞ்சின் ஒன்று ஏறத்தாழ 300 கிலோ நிறை, 450 குதிரைவலு. முதலில் வந்த பி.ரி.6 அதன் பாதி நிறையும் இல்லை. வலுவோ ஏறத்தாழ 550. கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. ஆனால் செட்டைக்கு முன்னே தொங்கிய பாரம் பாதிக்கு மேல் போய்விட்டால் விமானத்தின் வால் தாழ்ந்துவிடுமே! ஆகவே இலேசான எஞ்சினை இன்னும் முன்னே தள்ளி, நீண்ட மூக்கில் பூட்ட வேண்டியதாயிற்று. தராசின் ஒரு தட்டில் பாரம் குறைந்தால் அந்தப் பக்கத்துக் கோலை நீட்டுவது போன்றது இது. டர்போபுரொப் சிறு விமானங்களின் எஞ்சின் கூடுகள் கொக்கின் அலகுபோல நீண்டிருப்பது அழகுக்காக என்று எண்ணியவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடலாம். டக்கோட்டா விமானங்களை அமெரிக்காவில் ஒஷ்கொஷ் நகரில் பாஸ்லர் என்னும் நிறுவனம் டர்போபுரொப் ஆக்குகிறது. அங்கே செட்டைக்கு முன்னால் உடலையே 40 அங்குலம் நீட்டிவிடுகிறார்கள். சமநிலையும் கிடைத்தது; பொருள் வைக்க இடமும் கிடைத்தது.

இங்கேதான் எஞ்சின் விவகாரம் உள்ளறை விவகாரமாக மாறுகிறது. வலு கூடியது, பாரம் குறைந்தது என்றதும் மனிதர் மனம் எங்கே போகும்? இன்னும் நான்கு ஆசனம் போட்டால் என்ன என்று போகும். டி ஹவிலண்ட் டவ் என்பது 1945இல் முதன்முதல் பறந்த பிரித்தானிய விமானம். எட்டுப் பேர் வசதியாக இருந்து செல்லலாம். இலங்கை விமானப் படையும் 1950களிலிருந்து அதைப் பயன்படுத்தியது. 1960களில் கலிபோர்னியாவிலே கார்ஸ்டெட் என்னும் நிறுவனம் சில டவ் விமானங்களை வாங்கி, உடலை ஏழு அடி நீட்டி, கரற் டர்பைன்களைப் பூட்டி, பதினெட்டு ஆசனங்களைப் போட்டது. எட்டு பதினெட்டானது! ஓட்டுபவர்களுக்கு எத்துணை இலாபம்!

1971 மே 6ஆம் திகதி, அரிசோனாவில் கூலிஜ் என்னும் இடத்துக்கு அருகே, அப்படி மாற்றப்பட்ட டவ் ஒன்றின் வலச் செட்டை வானிலேயே பிரிந்தது. பன்னிருவர் இருந்தனர், ஒருவரும் பிழைக்கவில்லை. செட்டையை உடலோடு பிணைக்கும் கீழ்ப் பிணைப்பில், பல்லாண்டு உழைத்துச் சலித்த உலோகத்தில் வெடிப்பு விழுந்திருந்ததை விசாரணை கண்டது. எஞ்சின் புதியது. ஆசனம் புதியது. ஆசனத் துணியும் புதியதாகவே இருந்திருக்கும். அவற்றையெல்லாம் சுமந்த இரும்புக்கோ வயது கூடிக்கொண்டே வந்தது. மேலும் கீழும் வளைத்த கம்பி எத்தனையாவது வளைவில் முறியும் என்பதைச் சிறுவனும் செய்து பார்க்கலாம். விமானச் செட்டை ஒவ்வொரு பறப்பிலும் வளைகிறது.

ஆதலால், பழைய விமானத்துக்குப் புது எஞ்சின் என்று யாராவது விலை பேசினால், நாம் எஞ்சினைப் பற்றிக் கேட்கமாட்டோம். செட்டையின் பிணைப்பை யார், எப்போது, எந்தக் கருவியால் சோதித்தார்கள் என்றே கேட்போம். மலிவு என்பதும் அத்துணை உண்மையன்று. இரண்டு டர்பைன் எஞ்சின்களின் விலை, அவை பூட்டப்படும் பழைய விமானத்தின் விலையை மிஞ்சிவிடுவது சாதாரணம்.

எல்லா மாற்றமும் இவ்வாறு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டவ்வின் மூத்த தம்பியான ஹெரனுக்கு நான்கு பெற்றோல் எஞ்சின்கள். கனடாவின் சோண்டர்ஸ் நிறுவனம் நான்கையும் கழற்றி இரண்டே பி.ரி.6 பூட்டி, உடலை நீட்டி, 23 ஆசனம் வைத்தது. 1969இல் அது பறந்தது. ஒரு டசினுக்குச் சற்று மேற்பட்டவையே செய்யப்பட்டாலும் சில காலம் உழைத்தது. இங்கிலாந்தின் பிரிட்டன்-நோர்மன் நிறுவனத்தார் தங்கள் ஐலண்டர் விமானத்துக்குத் தாங்களே சிறு டர்பைன் பூட்டி 1980இல் பறக்கவிட்டனர். இந்தியக் கடற்படை அதன் பெற்றோல் வகையையும் டர்பைன் வகையையும் பயன்படுத்தியிருக்கிறது. ஆக்கியவனே மாற்றினால், எந்த எலும்பு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு அவன் கையிலிருக்கும். இதனினும் சிறந்த வழி, பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு விமானத்தையே புதிதாக ஆக்குவது. பீச்கிராவ்ட் நிறுவனம் குயின் எயார் என்னும் தன் பெற்றோல் விமானத்தின் வழியில் 1964இல் கிங் எயாரைப் பறக்கவிட்டது. அரசி அரசனாயினாள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்தக் குடும்பத்தில் இதுவரை ஏழாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். 2024 ஒக்டோபரில் அமெரிக்கா இலங்கை விமானப் படைக்குக் கொடுத்த விமானமும் அக்குடும்பத்தின் இளைய பிள்ளையே. அது கடலைக் கண்காணிக்க வந்தது. சீனத்தின் ஹார்பின் தொழிற்சாலையும் பெற்றோல் எஞ்சின் பூட்டிய வை-11ஐ முன்னே வைத்து, பி.ரி.6 பூட்டிய வை-12ஐப் பின்னே ஆக்கியது. அது 1980களில் நம் விமானப் படைக்கு வந்தது.

வை-12ஐயும் கிங் எயாரையும் பக்கத்தில் நிறுத்தி உள்ளே எட்டிப் பாருங்கள். எஞ்சின் ஒரே குலம். உள்ளறை வெவ்வேறு உலகம். வை-12இல் ஒரு பக்கம் ஓர் ஆசனம், மறுபக்கம் இரண்டு, நடுவே ஒடுங்கிய வழி. பதினேழு பேர் பஸ்ஸில் இருப்பதுபோல் இருக்கலாம். பெட்டி போன்ற உடல். சுவரிலே வளைவு குறைவு. ஆகவே நிமிர்ந்து இருக்கலாம். கிங் எயாரின் உடல் உயரப் பறப்பதற்காகக் காற்றழுத்தம் ஏற்றப்பட்டது. பெரும்பாலும் நான்கு சாய்வு ஆசனங்கள் எதிரெதிரே நோக்கும். நடுவே மடக்கு மேசை. கம்பனித் தலைவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு போகும் ஏற்பாடு. எதிரெதிரே இருப்பவர்களின் முழங்கால்கள் மோதாதிருக்க எவ்வளவு இடம் விட வேண்டும் பாருங்கள். அந்த இடத்தில் இன்னும் இருவரை இருத்தலாம். ஐலண்டரிலோ நடுவழியே இல்லை! கார்போல ஒவ்வொரு வரிசைக்கும் இருவர். பக்கக் கதவுகளைத் திறந்து ஏற வேண்டும். நடக்க இடம் விட்டால் உடல் அகலும், அகன்றால் பாரம் கூடும் என்று கணக்குப் பார்த்து அவ்வழியையே ஒழித்துவிட்டார்கள். அரை மணி நேரப் பயணத்தில் எழுந்து உலாவ வேண்டியவர் யார்?

இவற்றுள் நம் மாவட்டத்துக்கு எது? நம் கருத்து ஒளிவு மறைவற்றது. பதினெட்டு ஆசனமும் வேண்டா. மடக்கு மேசையும் வேண்டா. தரையிலே தண்டவாளம் போன்ற பள்ளங்கள் பதித்து, ஆசனங்களை வேண்டியபோது கழற்றவும் பூட்டவும் தக்கதாக அமைந்த எளிய உள்ளறை வேண்டும். காலையில் ஒன்பது பிரயாணிகள். மாலையில் ஒரு பக்கத்து ஆசனங்களை நீக்கி ஒரு நோயாளிக் கட்டில், அருகே வைத்தியருக்கும் தாதிக்கும் இருக்கை, தலைமாட்டில் பிராணவாயுக் குழாய். தலையில் அடிபட்டு, கொழும்பிலே சத்திர சிகிச்சைக்குப் போக வேண்டிய ஒருவருக்குப் பாதையில் போகும் மணித்தியாலங்கள் என்னவென்று வைத்தியரைக் கேட்டறிக.

இந்த ஏற்பாட்டில் உலகத்துக்கு ஆசான் அவுஸ்திரேலியா. 1928 மே மாதத்தில் குயின்ஸ்லாந்தின் குளோன்கரி என்னும் சிற்றூரிலிருந்து, பாதிரியார் ஜோன் பிளின் என்பாரின் முயற்சியால், வைத்தியரை ஏற்றிய முதல் விமானம் புறப்பட்டது. அப்போது ஒற்றைப் பெற்றோல் எஞ்சின். இன்று அந்தப் பறக்கும் வைத்தியர் சேவை கிங் எயார்களையும், ஒற்றை டர்பைன் பூட்டிய சுவிஸ் நாட்டு விமானங்களையும் ஓட்டுகிறது. அவர்கள் கற்ற பாடங்களுள் ஒன்று கதவைப் பற்றியது. கிங் எயாரின் சாதாரணக் கதவு ஒடுக்கமானது. கம்பனித் தலைவர் குனிந்து ஏறப் போதும். படுத்த நோயாளியை அதனூடே ஏற்றுவதென்றால், வீட்டுப் படிக்கட்டுத் திருப்பத்தில் அலுமாரியை ஏற்றுவது போலத்தான். ஆகவே அகலமான சரக்குக் கதவு வைத்த வகையை வாங்கினார்கள். இலட்சக்கணக்கில் எஞ்சினுக்குச் செலவிட்டு, நோயாளியைச் சரித்து ஏற்றும் நிலை வருமானால் அதனால் யாருக்கு என்ன பயன்?

எண்ணெயைப் பற்றியும் சொல்லாமல் போகலாகாது. டர்பைன் இலேசானது, அதிர்வு குறைந்தது. பெரும் பழுதுபார்ப்புக்கு இடையே, பெற்றோல் எஞ்சின் சாதாரணமாக 1,200 முதல் 1,600 மணி வரை ஓட, பி.ரி.6 வகைகள் பல 3,600 மணி ஓடும். ஆனால் தீனி அதிகம். ஒரு குதிரைவலுவை ஒரு மணி நேரம் தருவதற்குப் பெற்றோல் எஞ்சின் அரை இறாத்தலுக்குச் சற்றுக் குறைவாகத் தின்றால், சிறு டர்பைன் அரை இறாத்தலுக்கு மேலே தின்னும். மிக உயரத்தில் பறந்தால் இந்தக் குறை தேயும். மட்டக்களப்பு–கொழும்புப் பயணத்திலோ அந்த உயரத்துக்கு ஏறி முடியுமுன் இறங்கும் வேளை வந்துவிடும். தீனி கூடினால் தொட்டியில் எண்ணெய் கூட வேண்டும்; எண்ணெய் கூடினால் ஆசனம் குறையும். சிறு விமானத்தில் ஏறுமுன் பிரயாணியையும் மூட்டையையும் தராசில் நிறுப்பதை அவமானமாக எண்ணுவோர் இந்தக் கணக்கைச் சற்று நினைக்க வேண்டும்.

அப்படியிருந்தும் நாம் டர்பைனையே விரும்புவோம். காரணம் நடுவே நிற்கும் மலை. பெற்றோல் எஞ்சின் பூட்டிய இரட்டை எஞ்சின் சிறு விமானங்கள் பலவற்றில், நிறைபாரத்தோடு ஒன்று நின்றுபோனால் மற்றது விமானத்தை அதே உயரத்தில் வைத்திருக்கவே திணறும். நம் நாட்டின் நடுவிலோ பீதுருதலாகலை 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. வலு மிஞ்சி நிற்கும் டர்பைன் அங்கே உயிர் காக்கும்.

நேயர் இன்னொன்றையும் கவனித்திருப்பார். கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்புக்குச் சினமன் எயார் நிறுவனம் பறக்கவிட்ட செஸ்னா கரவான் விமானத்துக்கு எஞ்சின் ஒன்றே. மூக்கிலே ஒரு பி.ரி.6, உள்ளே எட்டு ஆசனம், சில்லோடு மிதவையும் பூட்டியிருப்பதால் நீரிலும் இறங்கும். டர்பைன் அவ்வளவு நம்பத்தக்கதாகிவிட்டதால், இரண்டாவது எஞ்சினே வேண்டியதில்லை என்று சொல்லும் காலம் வந்திருக்கிறது. இரட்டை எஞ்சின் சிறு விமானத்துக்கு வாழ்வு கொடுக்க வந்த எஞ்சினே அதற்குப் போட்டியாளனையும் பெற்றுவிட்டது. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்ட வாவியைக் கரையிலே வைத்திருக்கும் நமக்கு, மிதவை பூட்டிய விமானத்தைப் பற்றித் தனியே ஒரு நாள் எழுத வேண்டும் என்னும் ஆசையுண்டு.

இனி மூன்றாவது கேள்வி. தம் மனைவியோடு முதன்முறை சிறு விமானத்தில் போக இருக்கிறாராம். எந்த ஆசனம் நல்லது என்கிறார். செட்டையில் எஞ்சின் உள்ள விமானமானால், காற்றாடி சுழலும் நேர்கோட்டில் இருக்கும் ஆசனத்தைத் தவிருங்கள். காற்றாடி நுனி வெட்டும் காற்று அந்த இடத்துச் சுவரில்தான் மோதும். இரைச்சல் அங்கே மிகுதி. இரண்டு மூன்று வரிசை பின்னே போனால் காது தப்பும், பேசவும் முடியும். பிரயாணத்தின்போது வீட்டுக்காரியங்களைப் பற்றிய சம்பாஷணையை விரும்பாத கணவர்கள் மட்டும் முன் சொன்ன இடத்தையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.